காற்றின் கண்

ஜனவரி பதினொன்று. ஆர்க்னித் தீவு.
ஸ்ட்ராம்நெஸ் துறைமுகத்துக்கு மேலே மூன்றாம் சந்தில்
இரவு இரண்டரைக்கு
மெரன் லிங்க்லேட்டரின் அடுக்களைச் சன்னலைப்
புயல் உள்ளே தள்ளிவிட்டது.
உடைந்தது என்று அவள் சொல்லவில்லை.
"வந்துவிட்டது" என்றாள்,
சொல்லாமல் வந்த விருந்தாளியைச் சொல்வதுபோல.

மாடியில் வாடகைக்கு இருந்த நான்
துடைப்பத்தோடு இறங்கிப் போனேன்.
தொட்டியில் சில்லு, வெண்ணெயில் சில்லு,
பூனை மட்டும் அடுப்பின் மேல் முழுசாக.
மீன்பெட்டிப் பலகை நாலைச் சேர்த்து அறைந்தோம்.

கண்ணாடி போடுகிற தோர்ஃபின் ஃபிளெட்
ஹோய் தீவில் மாட்டிக்கொண்டிருந்தான்.
தொலைபேசியில் சொன்னான்:
வெள்ளிக்கிழமை ஒரு விண்டோ கிடைக்கும் போலிருக்கு,
அலை அடங்கும், படகு விடுவார்கள்.

அபர்டீனிலிருந்து தங்கை ஷீனா:
வியாழன் மூன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவில்
எனக்கு ஒரு விண்டோ, அப்போது அழட்டுமா?
அழைக்கட்டுமா என்பதைத்தான்
அப்படி மெசேஜில் தப்பாக அடித்திருந்தாள்.

காப்பீட்டுக் கம்பெனியின் உறை வந்தது.
வயிற்றில் ஒரு விண்டோ,
அதற்குள் மெரனின் பெயர், ஓர் எழுத்து குறைவாக.

"ஊரெல்லாம் விண்டோ," என்றாள்.
"என் வீட்டில்தான் மீன் நாற்றம்."

அன்றிரவு தூக்கம் இல்லை.
விண்டோவை விண்டு பார்த்தேன்.

படகில் வந்த சொல் அது.
வடகடலைத் தாண்டி, துடுப்போடு, கோடரியோடு,
கால் கட்டிய ஆடுகளோடு.
வந்தவர்கள் கூரையில் ஓட்டை விட்டார்கள், புகை போக.
போன புகைக்குப் பதிலாகக்
காற்று குனிந்து எட்டிப் பார்த்தது.
காற்றின் கண் என்றார்கள்.
தெற்கே ஆங்கிலம் பேசியவர்களிடம்
சொந்தச் சொல் ஒன்று இருந்தது: கண்துளை.
நல்ல சொல்தான்.
தோற்றுப்போனது.

பிறகு கண்ணாடி வந்தது, காற்று வெளியேறியது.
பெயரை மட்டும் யாரும் கழற்றவில்லை,
காலி செய்துபோன குடித்தனக்காரரின்
பெயர்ப்பலகைபோல அங்கேயே கிடக்கிறது.
கண்ணும் தேய்ந்தது, ஆயிரம் வருஷத்து வாய்களில்.
மிஞ்சியது கடைசியில் ஓர் ஓகாரம்.
சொல்லிப் பாருங்கள், விண்டோ:
முடியும்போது உதடு
கொஞ்ச நேரம் துளையாக நிற்கும்.

காலையில் தேநீரின்போது
என் பங்குக்கு ஒன்றை எடுத்து வைத்தேன்.
சன்னல் என்கிறோம், அது போர்த்துக்கீசியக் கப்பலில் வந்தது.
அதற்கும் முன்னால் காலதர்.
கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி.

மெரன் ரொட்டியை மென்றபடி யோசித்தாள்.
"வழி என்றால்
உங்கள் ஊரில் காற்று போய்விடும்.
இங்கே உட்கார்ந்து பார்க்கும்."

வியாழன் மூன்று பத்துக்கு ஷீனா அழைத்தாள்.
பேச்சு நடுவில் ஏதோ தெறித்தது:
பலகையிலிருந்து ஒரு கணு
கழன்று தட்டில் விழுந்தது, காசு அளவில்.
அது இருந்த இடத்தில் வட்டமாக வானம்.
சீழ்க்கை அடித்துக்கொண்டு காற்று நுழைந்தது.
மெரன் போய்த் தன் கண்ணை வைத்தாள்.
ஒரு நிமிஷம் நின்றாள்.
நீர் கன்னத்தில் வழிந்தது, அழுகை இல்லை,
எதிரே இருந்தவர் இமைக்கவே இல்லை.
"யார் சீழ்க்கை அடிக்கிறது?" என்றது தொலைபேசி.
மூன்றரை ஆகிவிட்டது. ஷீனா வைத்துவிட்டாள்.

வெள்ளி மதியம் தோர்ஃபின் வந்தான்.
ஒட்டுமாவு காய ஒரு வாரம், தொடாதீர்கள் என்றான்.
கண்ணாடிக்கு வெளியே
துணி காயப்போடும் கொடி துள்ளுகிறது,
சத்தம் இல்லை.
மேசையில் ரசீது அசையாமல் கிடக்கிறது.
இருந்தும் அதன் மேல்
அந்தக் கணுவைப் பாரமாக வைத்திருக்கிறாள் மெரன்.